கொடுவாவுக்கு ஒரு பொய்

முன்னறிவிப்பு இல்லாமல் நீங்கள் என் வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜையில் சில விநோத வஸ்துக்களைப் பார்க்க நேரிடும். ஆட்டு வால் முடி ஒரு பிடி. சேவல் கழுத்து இறகு ஒரு பொட்டலம். வாஷ் பேஸின் அடைப்பானில் மணிமணியாகத் தொங்குமே, அந்தச் சங்கிலி அரை அடி. கழுவிக் காயவைத்த ஆவின் பால் பாக்கெட். சிகரெட் லைட்டர் (நான் புகைப்பதில்லை). நெயில் பாலீஷ் (பூசிக்கொள்வதும் இல்லை). எதிர்வீட்டு மாமி இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஏதாவது பில்லி சூனியமா என்று என் மனைவியிடம் ஜாடையாக விசாரித்திருக்கிறார். "சூனியமா இருந்தா நாலு காசாவது வரும் மாமி. இவர் மீனுக்குப் பூச்சி கட்டறார்" என்று பதில் போயிருக்கிறது.

அதுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நான் போய்ச் சேரும் இடம் காட்டுப்பள்ளி. கையில் நானே கட்டிய பொய்ப்பூச்சிகள். அதைத் தின்று ஏமாறவேண்டிய மீன், கொடுவா.

தூண்டில் என்றால் நமக்கெல்லாம் மண்புழுதான் ஞாபகம் வரும். முள்ளில் புழுவைக் குத்து, தக்கை மூழ்கினால் இழு. வெள்ளைக்காரர்கள் இதில் ஒரு கிறுக்குத்தனத்தைச் சேர்த்துவிட்டார்கள். உயிருள்ள இரை எதுவும் கிடையாது. இறகு, முடி, நூல், ஜிகினா இவற்றை முள்ளின்மேல் வரிந்து கட்டி, அது ஒரு ஈ என்றோ குட்டி மீன் என்றோ மீனை நம்பவைக்க வேண்டும். இதற்கு 'ஃப்ளை' என்று பெயர். ஈ மாதிரி இல்லாவிட்டாலும், விரல் நீள மீன் மாதிரி இருந்தாலும் ஃப்ளைதான். வெள்ளைக்காரர்கள் என்று சொன்னேனே தவிர, சமாசாரம் அவர்கள் துரைகள் ஆவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. சுமார் 1,800 வருடங்களுக்கு முன் ரோமாபுரியில் ஈலியன் என்று ஒருவர் இருந்தார். விலங்குகளைப் பற்றிக் கேட்டது, படித்தது எல்லாவற்றையும் எழுதிவைத்தவர். மாசிடோனியாவில் ஒரு ஆற்றில் மீனவர்கள் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டைப் பொருத்தி மீன் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நிஜப் பூச்சியைக் குத்தலாமே என்றால், தொட்டவுடன் நிறம் போய் இறக்கை கசங்கிவிடுகிறதாம். ஆகவே பொம்மை. நான் மீஞ்சூர் கறிக்கடையில் கைகட்டி நின்று சேவல் இறகு கேட்கும்போதெல்லாம் அந்த மாசிடோனியாக்காரரை நினைத்துக்கொள்வேன். (கடைக்காரர் காசு வாங்குவதில்லை. பரிதாபம்தான் காரணம்.)

நம்மூரிலும் இது அந்நியம் இல்லை. தென்கோடிக் கடற்கரையில், வெறும் முள்ளில் பளபள இழைகளைக் கட்டி, ஒரே நரம்பில் வரிசையாகத் தொங்கவிட்டு மீன் பிடிப்பார்கள். சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த எச்.எஸ். தாமஸ் என்ற துரை, இந்தியாவில் தூண்டில் போடுவது எப்படி என்று ஒரு தடிப் புத்தகமே எழுதி 1873-ல் மங்களூரில் அச்சடித்தார். கலெக்டர் வேலைக்கு நடுவே எப்படித்தான் நேரம் கிடைத்ததோ.

எனக்கு இந்த வியாதி வந்தது அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் மூலமாக. அவன் ஊரில் 'பாஸ்' என்று ஒரு மீன். வேலைக்குப் போகிறவர்கள், ரிட்டயர் ஆனவர்கள் எல்லோரும் வார இறுதியில் அதன் பின்னால்தான் அலைகிறார்களாம். ஒரு லீவுக்கு வந்தபோது ஒரு கழியும், ஒரு டப்பா ஃப்ளையும் கொண்டுவந்து கொடுத்து, "மாமா, உங்க ஊர்லயும் ஸீ பாஸ் இருக்கே, ட்ரை பண்ணுங்க" என்றான். இங்கே ஒரு விளக்கம் தேவை. அவன் ஊர் பாஸும் நம்ம கொடுவாவும் பெயரளவில்தான் சொந்தம். குடும்பமே வேறு. பழக்கவழக்கத்தில் மட்டும் ஒற்றுமை உண்டு. இரண்டும் மறைந்து நின்று பாய்கிற ஜாதி, இரண்டுக்கும் பெரிய வாய்.

கொடுவாவை நீங்கள் மீன் கடையில் பார்த்திருப்பீர்கள். வெள்ளி உடம்பு, குழிந்த நெற்றி, முன்னால் துருத்தின கீழ்த்தாடை. கொடுமையான வாய் என்பதால்தான் அந்தப் பெயர் வந்திருக்கும் என்பது என் ஊகம். தமிழாசிரியர்கள் மன்னிக்கவும். கல்கத்தாவில் இதுதான் பேட்கி. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே துரைமார்களின் காலைச் சாப்பாட்டில் பாதி இந்த மீன்தான் என்று சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி. நம் சென்னையிலேயே இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் இதை இந்தியாவில் முதல்முதலாகத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தது. அதனால்தான் இன்று வளர்ப்புக் கொடுவா கடைக்கு வருகிறது.

இந்த மீனிடம் ஒரு விசேஷம். பிறந்து வளர்ந்து வயதுக்கு வரும்போது எல்லாம் ஆண். சில வருடம் ஆணாக இருந்து குடித்தனம் நடத்திவிட்டு, ஆறேழு வயதில் பெண்ணாக மாறிவிடும். அதாவது பெரிய கொடுவா எல்லாம் அநேகமாக அம்மாக்கள். முகத்துவாரத்தின் பக்கம் போய் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் வெள்ள நீரோடு கழிக்குள் ஏறி, சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கு நடுவிலும் ஒளிந்து வளரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதனால் ஒரு சண்டை வருகிறது.

காட்டுப்பள்ளி ஒரு தீவு. சென்னையில் முப்பது வருடம் குடியிருப்பவர்களுக்கே இது தெரியாது. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினால், அப்புறம் ஷேர் ஆட்டோவும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும். வழியில் வடசென்னை அனல்மின் நிலையம், 1994 முதல். பக்கத்தில் எண்ணூர் துறைமுகம், 2001-ல் வந்தது, இப்போது காமராஜர் பெயரில் இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் வந்தது. கப்பல் கட்டும் தளமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அதற்கடுத்து வந்தன. துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்திடம் கைமாறியது. இத்தனைக்கும் நடுவே மிச்சமிருக்கும் தண்ணீரில்தான் மடவையும் எறாவும் நண்டும் கொடுவாவும், அவற்றைப் பிடித்துப் பிழைக்கிறவர்களும்.

அப்படிப் பிழைக்கிற ஒருவர்தான் எனக்கு இதில் குரு. பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அறுபதைத் தாண்டியவர். நான் 'அண்ணே' என்பேன், அவர் 'சார்' என்பார். எத்தனை சொல்லியும் அந்த சார் போகவில்லை. பையன் கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் வேலை. அவரிடம் இருப்பது ஒரு சின்ன ஃபைபர் போட், இரண்டு வலை, மரக்கட்டையில் சுற்றிய கைத்தூண்டில். அக்கா மகன் கொடுத்த டப்பாவைத் திறந்து காட்டினபோது ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்று பச்சைத் தவளை. ஒன்று மஞ்சளும் ஊதாவும் குஞ்சம் வைத்தது. "இன்னா சார், சாமி ஊர்வலமா?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதெல்லாம் அமெரிக்காவின் தெளிந்த ஏரிகளுக்காகச் செய்தவை. நம் கழியின் தண்ணீர் டீக்கடை டீ மாதிரி. முழங்கை ஆழத்தில் கை தெரியாது. இந்தத் தண்ணீரில் கொடுவா கண்ணை மட்டும் நம்பி வேட்டையாடுவதில்லை. மீனின் உடம்பில் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். தண்ணீரின் சின்ன அதிர்வைக்கூட அதனால் உணர முடியும். ஆகவே நான் கட்டுகிற பொய், பார்க்க அழகாக இருப்பதைவிட, நகரும்போது தண்ணீரைத் தள்ள வேண்டும். தலைப் பக்கம் தடிமனாக, வால் பக்கம் ஒல்லியாக. நிறமும் தலைகீழ். கலங்கல் தண்ணீரில், அந்தி நேரத்தில், பளபளப்பைவிடக் கறுப்புதான் எடுபடும். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற மீனுக்குக் கறுப்பு நிழல் தெளிவாகத் தெரியுமாம். படித்ததை நான் ஒப்பித்தபோது, "அதுக்குத்தான் கறுப்பு மடவைக்கு அது ஓடியாரும்" என்று அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அடுத்த பிரச்னை, சிப்பி. கழியின் அடியில், பாலத்தூண்களில் எல்லாம் ஆளிச்சிப்பி அப்பிக்கிடக்கும். கொடுவா பதுங்குவதும் அங்கேதான். முள் கீழே பார்த்தபடி போனால் சிப்பியில் மாட்டி நரம்பு அறுந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆறு ஃப்ளை போனால் ஆறு ராத்திரி உழைப்பு போச்சு. இதற்கு மருந்து, பென்சில்வேனியாவில் பாப் க்ளௌஸர் என்பவர் 1980களில் கண்டுபிடித்தது. அவர் ஊர் ஆற்று பாஸ் மீனுக்காகச் செய்தார். முள்ளின் தலைப்பக்கம், மேல்புறமாக, இரண்டு ஈயக் கண்களை வைத்துக் கட்டினார். அவ்வளவுதான். கனம் மேலே இருப்பதால் ஃப்ளை தண்ணீரில் தானாகக் குப்புறக் கவிழும். முள் வானத்தைப் பார்க்கும், சிப்பி தொடாது. இன்னொரு லாபமும் உண்டு. இழுத்தால் மேலே எழும்பும், நிறுத்தினால் தலைகுப்புற இறங்கும். அடிபட்ட குட்டி மீன் தத்தளிக்கிற மாதிரியே இருக்கும். கொடுவா பாய்வது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான். இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் அங்கே மரியாதை அதிகம். லெஃப்டி க்ரே என்பவர் கட்டின ஒரு ஃப்ளையை 1991-ல் அமெரிக்கத் தபால்துறை ஸ்டாம்பாகவே போட்டது. நம்மூரில் ஸ்டாம்ப் எல்லாம் எதிர்பார்க்கவில்லை, சாப்பாட்டு மேஜையில் பாதியை விட்டுக்கொடுத்தால் போதும்.

அந்த ஈயக் கண்ணுக்குப் பதிலாகத்தான் வாஷ் பேஸின் சங்கிலி. இரண்டு மணியாக நறுக்கினால் கச்சிதமான ஒரு ஜோடிக் கண். ஆழம் குறைந்த இடத்துக்கு அந்தக் கனம் போதும். பாலத்தடிக்கு, நீரோட்டம் இழுக்கும் இடத்துக்கு, ஈயத் தகட்டைச் சுருட்டி வைப்பேன். முள்ளை முதலில் பட்டறைப் பிடியில் இறுக்க வேண்டும். என் பிடி, கொத்தவால்சாவடிப் பக்கம் வாங்கின கடிகார ரிப்பேர்க்காரர் பிடி. தையல் மிஷின் நூலால் முள்ளின் தண்டை நெருக்கமாகச் சுற்றி, கண்களை எட்டுப் போட்டு இறுக்கி, வெள்ளை ஆட்டு முடி கொஞ்சம் கீழே, கறுப்பு முடி கொஞ்சம் மேலே, நடுவில் நாலே நாலு ஜிகினா இழை. தலையில் நூலை முடித்து நெயில் பாலீஷ் இரண்டு பூச்சு. முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுவது என் வழக்கம். மீனிலிருந்தும், மீனைவிட அடிக்கடி என் விரலிலிருந்தும், சுலபமாகக் கழற்றலாம்.

பரீட்சை மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியில். மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, ஒரு முழக் குச்சியில் ஃப்ளையைக் கட்டி இழுத்துப் பார்ப்பேன். பக்கவாட்டில் சாய்ந்தால் கண் ஒன்று கனம் அதிகம். சுழன்றால் முடி ஒருபக்கம் கூடுதல். நேராக வந்து, நிறுத்தினால் மூக்கைக் குத்தினால் பாஸ். குடிக்கிற தண்ணீரில் ஆட்டு வாலா என்று ஒருமுறை வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. அதற்குப்பிறகு ஒரு பழைய மீன்தொட்டி வாங்கியாயிற்று.

இந்த மடவை வேஷம் போட்ட ஃப்ளைக்குச் சின்னச் சின்னக் கொடுவாக்கள் விழுந்தன. அண்ணனுக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. "இங்க கொடுவா வயித்த கிழிச்சா பாதிக்குப் பாதி எறாதான் சார் இருக்கும்" என்றார். சரி, எறா கட்டலாம் என்று ஆரம்பித்தேன். மூன்று மாதம் போனது.

எறாவை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தட்டில் அல்ல, தண்ணீரில். உடம்பு கண்ணாடி. நடப்பது மெதுவாக, முன்னோக்கி. பயந்தால் மட்டும் வாலை ஒரு சொடுக்கு, பின்னோக்கிப் பாயும். மீனிடமிருந்து தப்பும் எறா எப்போதும் பின்பக்கமாகத்தான் ஓடுகிறது. ஆகவே பொய் எறாவைத் தலைகீழாகக் கட்ட வேண்டும். நரம்பு கட்டும் இடத்தில் வால், முள் வளையும் இடத்தில் தலையும் மீசையும். மீசைக்குப் பூந்துடைப்பத்தின் இரண்டு இழை. கண்ணுக்குத் தடித்த நைலான் நரம்பின் நுனியை லைட்டரில் காட்டினால் உருகி உருண்டு கறுத்த மிளகாக நிற்கும். ராத்திரி டார்ச் அடித்தால் நிஜ எறாவின் கண் நெருப்புத்துண்டு மாதிரி ஜொலிக்கும். அதனால் அந்த மிளகின்மேல் ஒரு பொட்டு சிவப்பு நெயில் பாலீஷ். ஓட்டுக்கு ஆவின் பாக்கெட்டின் அச்சில்லாத ஓரத்தைப் பட்டையாக வெட்டி முதுகில் போர்த்தி, நூலால் கணுக்கணுவாகச் சுற்றி... கட்டி முடித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் மனைவி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "இதை ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா?" என்றாள். இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

அண்ணன் கையில் கொடுத்தேன். தண்ணீரில் நனைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் கண் முன்னாலேயே, மூன்று மாத உழைப்பின் காலிலிருந்தும் மார்பிலிருந்தும் இழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். "ரொம்பத் துணி கட்டிட்டீங்க சார். எறா ஒடம்புல பாதி தண்ணிதான் தெரியும்." மிஞ்சினது பஞ்சப்பரதேசி மாதிரி இருந்தது. தண்ணீரில் விட்டதும் அது எறா ஆகிவிட்டது. முடியைக் குறைவாகக் கட்டு, குறைவாகக் கட்டு என்று பாப் க்ளௌஸரும் அங்கே தலைபாடாக அடித்துக்கொண்டதுதான் இது.

அந்த எறாவில்தான் பெரியது மாட்டியது. தை மாதம், அமாவாசைக்கு மறுநாள், வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம். வற்றத்தில் கழித்தண்ணீர் வாய்க்கால்களிலிருந்து இறங்கும்போது எறாவும் குட்டி மீனும் கூடவே இழுபட்டு வரும். கொடுவா ஏதாவது ஒரு தூணின் நிழலில் நின்றுகொண்டு, ஹோட்டலில் இலைபோட்டுக் காத்திருப்பவர் மாதிரி காத்திருக்கும். போட்டை மேலே கட்டிவிட்டு, ஃப்ளையை நீரோட்டத்தோடு தூணை ஒட்டி வளையவிட்டேன். ஒரு சொடுக்கு, நிறுத்தம். இன்னொரு சொடுக்கு, நிறுத்தம். கொடுவா கடிப்பதில்லை. வாயை ஒரே கணத்தில் அகலத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும். அந்தச் சத்தத்துக்கு ஆஸ்திரேலியாக்காரர்கள் 'பூஃப்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். குக்கர் மூடியைத் திறக்கிற மாதிரி ஒரு ஓசை. அப்புறம் கழி வளைந்தது, மீன் ஆள் உயரத்துக்கு எழும்பித் தலையை உதறியது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி. சாதாரண நரம்பை ஒரு உதறலில் அறுத்துவிடும் என்பதால், கடைசி இரண்டு முழத்துக்குத் தடித்த நரம்பு கட்டியிருந்தேன். கால்மணி நேரம் கழித்துப் போட்டின் ஓரத்தில் அது சாய்ந்து கிடந்தபோது, டார்ச் வெளிச்சத்தில் கண் செக்கச்செவேல் என்று தெரிந்தது. அண்ணன், "எட்டு கிலோ சொச்சம்" என்றார்.

எட்டு கிலோ என்றால் பெண். நான் அதைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே முள்ளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"இன்னா சார் பண்றீங்க?"

"விடப்போறேன் அண்ணே. தாய் மீனு."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "வித்தா என் ரெண்டு நாள் கூலி சார் அது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மீன் என் தூண்டிலில் விழுந்தது. போட் அவருடையது, தூண் அவர் காட்டியது, எறாவின் பாதி அவர் பிடுங்கியது. நான் முட்டைக் கணக்கெல்லாம் சொன்னேன். லட்சக்கணக்கில் போடும், அடுத்த வருஷம் இந்தக் கழிக்கே வரும் என்றேன்.

"லட்சம் முட்டை போடும், சரி. குஞ்சு வந்து எங்க சார் ஒதுங்கும்? அலையாத்தியில பாதி இல்ல. சாம்பல் படிஞ்ச எடத்துல எறாவே நிக்க மாட்டேங்குது. நீங்க இன்னிக்கு விட்டா, நாளைக்கு எவனாச்சும் வலையில எடுத்துனு போவான்."

பதில் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களின் கசிவு கொசஸ்தலை ஆற்றில் படிந்ததைப் பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இந்தக் கழி முழுக்கப் படர்ந்தது. வலை எல்லாம் தார். அதற்கப்புறம் எண்ணூர் மீன் என்று சொன்னாலே மார்க்கெட்டில் வாங்க ஆள் இல்லை. இவ்வளவும் நடந்த தண்ணீரில் நின்றுகொண்டு, எட்டு கிலோவைத் திருப்பி விடு என்று சொல்ல எனக்கு மாதச் சம்பளம் என்ற ஒரு தகுதி இருந்தது.

இருந்தும் விட்டேன். வாலைப் பிடித்து நீரோட்டத்துக்கு எதிராக முன்னும் பின்னும் ஆட்டினேன். அது ஒருமுறை உதறி, என் சட்டையை நனைத்துவிட்டுப் போனது. இன்றைக்குக் கேட்டாலும் விட்டது சரி என்றுதான் சொல்வேன். அவர் கேட்டதும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று நீங்கள் கேட்டால், ஒருநாள் அத்திப்பட்டு ரயிலில் என்னோடு வாருங்கள்.

கரைக்குத் திரும்பும்வரை அவர் பேசவில்லை. போட்டை இழுத்துக் கட்டினபிறகு, "அந்த எறாவக் காட்டுங்க" என்றார். மீன் உறிஞ்சினதில் ஒரு மீசை போயிருந்தது, ஆவின் ஓடு கிழியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

கைத்தூண்டிலில் கொடுவாவுக்கு உயிர் எறா குத்துவார்கள். அந்த எறா சும்மா வருவதில்லை. இந்தக் கழியில் இருளர்கள், பெண்களும் ஆண்களுமாக, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் துழாவி எறா பிடிப்பார்கள். பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். நாளெல்லாம் குனிந்தால் ஒரு பறி நிறைந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அரைப் பறியே பாடு. எறா குறையக் குறைய விலை ஏறுகிறது. "எறாவ வித்தா காசு சார். தூண்டில்ல குத்துனா சூதாட்டம். அதுவும் பாதிய பேத்தை கடிச்சிட்டுப் போவுது, கெளுத்தி முழுங்குது, நண்டு நோண்டுது." பொய் எறா வேலைக்கு ஆகுமானால் நிஜ எறாவை விற்றுவிடலாம். இதுதான் கணக்கு. எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது, அவரிடம் போனதும் முதலீடாகிவிட்டது.

பரிசோதித்தோம். ஒரே போட், ஒரே தூண், இரண்டு கைத்தூண்டில். ஒன்றில் உயிர் எறா, மற்றதில் என் ஆவின் எறா. கைத்தூண்டிலில் இறகு மாதிரி எடையில்லாததை வீச முடியாது என்பதால், ஒரு முழம் மேலே சின்ன ஈயம் ஒன்றை அவர் கோர்த்தார். ஈயம் அடியில் உருள, எறா பின்னால் மிதந்து வந்தது. எட்டு அந்தி போனோம். உயிர் எறாவுக்குக் கொடுவா ஐந்து, பொய்க்கு மூன்று. ஆனால் உயிருக்குக் கெளுத்தியும் பேத்தையுமாகக் கணக்கில்லாமல் விழுந்து, ஐம்பது அறுபது எறா காலி. பொய்யைப் பேத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது, மணம் இல்லையே. எட்டு நாளில் செலவான பொய் எறா, இரண்டு. நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் சொல்லிவிட்டார்: "இருவது கட்டிக் குடுங்க சார்."

வேலைநாளில் ராத்திரிக்கு ஒன்றுதான் என்னால் முடியும். பதினொன்று கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தண்ணீர்ப் பக்கெட்டில் இழுத்துப் பார்த்து மூன்றைக் கழித்தார். ஒன்று சாய்கிறது, ஒன்றுக்கு வால் கனம், இன்னொன்றுக்குக் காரணம் சொல்லவில்லை. "புடிக்கல" என்றார். உள்ளேயிருந்து அவர் மருமகள் வந்து கழித்த ஒன்றை எடுத்து, நூல் சுற்றை நகத்தால் பிரித்து, எங்கே ஆரம்பித்து எங்கே முடித்திருக்கிறேன் என்று பார்த்தாள். வலை முடிகிற கை. பத்து நிமிடத்தில் என் பிடி, குறடு எதுவும் இல்லாமல், கால் கட்டைவிரலில் முள்ளை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுபடி கட்டிக் காட்டினாள். என்னுடையதைவிட இறுக்கம். பக்கெட்டில் நேராக வந்தது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் அதை நல்லவற்றோடு சேர்த்து வைத்தார்.

அடுத்த வாரத்துக்கு என்னென்ன வாங்கி வரவேண்டும் என்று அவளே பட்டியல் சொன்னாள். முள் ஐம்பது, கறுப்பு நூல் இரண்டு கண்டு, லைட்டர் ஒன்று. பால் பாக்கெட் அவளிடமே இருக்கிறதாம். நெயில் பாலீஷ் என்றதும் கொஞ்சம் யோசித்தாள்.

"கலர் இல்லாதது வேணுமா, சிவப்பா?" என்று கேட்டேன்.

"சிவப்பே வாங்கினு வாங்க சார். எறா கண்ணுக்குப் போக மிச்சம் இருக்கும்ல."